கண்ணு என்னோடதுதான்

ஆமாம்மா, கண்ணு என்னோடதுதான். அவங்க ரெண்டு பேருக்கும் கண்ணுல ஒரு குறையும் இல்ல. ஆனா உள்ள போயிருக்கறது அவங்க, வெளிய உக்காந்திருக்கறது நான். கூட வந்தவங்க மட்டும் வாங்க, பேஷண்ட் இருக்கட்டும்னு நர்ஸ் கதவத் தொறந்து சொன்னாங்களே, கேட்டீங்கல்ல? எங்க வீட்டுக்காரரும் எங்க அண்ணனும் அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குக் குடுத்திருக்கற வேலை என்னன்னா, தண்ணி பாட்டிலப் பாத்துக்கறது.

நீங்க ஏம்மா அந்த ஓரத்துல போய் உக்காரறீங்க? இங்க வாங்க. இது ஒட்டாது. எல்லாரும் கண்ணு வலின்னு நெனச்சுக்கறாங்க. பஸ்ல இப்பல்லாம் என் பக்கத்து சீட்டு காலியாவே வருது. கூட்டத்துலயும் கால நீட்டிட்டு வர்றேன். அது ஒண்ணுதான் இதனால வந்த லாபம்.

நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? மாமனாருக்கா? புரையா? அதுக்கு ஒண்ணும் பயப்படாதீங்க, எடுத்துட்டா ஆச்சு. அவர் மட்டும் உள்ள போயிட்டாரா? தனியாவா? நீங்க வர்றேன்னு சொல்லியும் வேண்டாம்னுட்டாரா? கேக்கவே நல்லா இருக்கும்மா. வயசு என்ன ஆனாலும் அப்படித்தான் இருக்கணும்.

பாக்கறீங்கதானே? நல்லாவே பாருங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நான் இப்படி மூக்குப் பக்கமாப் பாக்கறேன், அப்பத்தான் அந்த ஓரம் தெரியும். வெள்ளை மேல ரோஸ் கலர்ல, ஆமா, மாதுளை முத்துல பாதி அளவுக்கு. சுத்தியும் ரத்தக்குழா வேர் விட்ட மாதிரி தடிச்சுப் போயிருக்கும். ஒரு ஓரத்துல கிள்ளி எடுத்திருக்காங்க, அதனால இப்ப கொஞ்சம் அழகு குறைஞ்சிருக்கு. வலிக்காது. வலிக்கவே வலிக்காது. அதான் தப்பாப் போச்சு. வலிச்சு நான் நாலு தடவ கத்தியிருந்தா, இதை யாராவது முன்னாடியே மதிச்சிருப்பாங்க.

முதல்ல பாத்தது நான்கூட இல்ல. நான் மருந்து பாட்டில் செய்யற கண்ணாடி ஃபேக்டரியில வேலை பாக்கறேன். தரம் பாக்கற பிரிவு. கெமிஸ்ட்ரி படிச்சுட்டுச் சேந்தவ, இப்ப அந்தப் பிரிவுக்கே நான்தான் பொறுப்பு. பெல்ட்டுல பாட்டில் வரிசையா வந்துட்டே இருக்கும், பின்னாடி வெள்ளை வெளிச்சம். குமிழி, கீறல், கழுத்துல மயிரிழை மாதிரி விரிசல், எது தெரிஞ்சாலும் ரிஜெக்ட்னு உடனே எடுத்துத் தனியாப் போட்டுடணும். யோசிக்கவே கூடாது. யாரையும் கேக்கவும் வேண்டியதில்ல. இது நல்ல பாட்டில்தாங்க, போன வாரம்கூட நல்லாத்தான் இருந்துச்சுன்னு பாட்டிலோட வீட்டுக்காரர் வந்து பக்கத்துல நிக்கறதில்ல பாருங்க.

சிரிக்கறீங்க. எங்க செக்‌ஷன்லயும் ஒரு பொண்ணு இப்படித்தான் சிரிப்பா, சரியான வாயாடி. அவதான் ஒரு நாள் சாப்பிடும்போது என் முகத்தையே பாத்துட்டு, மேடம், உங்க கண்ணுல ஒரு ரிஜெக்ட் ஓடுதுன்னா. நானும் சிரிச்சேன். கை கழுவப் போனவ கண்ணாடியில பாத்தேன். இருந்துச்சு.

அப்புறம் டாக்டருங்க கதை. முதல்ல பாத்தவர் வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கறவர். டார்ச் என் கண்ணுல அடிச்சாரு, பார்வை என்னவோ கதவுகிட்ட நிக்கற அடுத்த ஆள் மேல இருந்துச்சு. தூசி பட்டிருக்கும்மா, சொட்டு மருந்து விடுங்க. சரின்னு விட்டேன். தூசிக்கு அந்த மருந்து புடிச்சுப் போச்சு போல, அது பாட்டுக்கு இருந்துச்சு.

ரெண்டாவது பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மேடம். அவங்க அலர்ஜின்னு முடிவு பண்ணிட்டுத்தான் என்ன உக்காரவே சொன்னாங்க. வீட்ல பூனை இருக்கான்னாங்க. இல்லன்னேன். பக்கத்து வீட்ல? அங்கயும் இல்ல. தெருவுல? ஏம்மா, பூனை இல்லாத தெரு எங்கயாவது இருக்கா? இருக்கும் மேடம்னேன். அப்ப அதான்னுட்டாங்க. தலையணை உறையக் கழுவணுமாம், ஜன்னலச் சாத்தி வைக்கணுமாம். எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே போய் நாலு புது உறை வாங்கிட்டு வந்தாரு. தெருவுல போற பூனையெல்லாம் முறைச்சாரு.

மூணாவது ஆள் கொஞ்சம் வீரியமான சொட்டு மருந்தா குடுத்தாரு. அதுல சிவப்பு வடிஞ்சுது. வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், பாத்தியா, பாத்தியான்னு. சிவப்புதான் வடிஞ்சுதே தவிர, முத்து வளந்துட்டே இருந்துச்சு. நான் தினமும் அதே கண்ணாடி, அதே லைட்டு, அதே எடத்துல நின்னு பாக்கறவ. எனக்குத் தெரியாதா? சொன்னா, நீ எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கற வேலையிலயே இருந்து இருந்து இப்படி ஆயிட்டேங்கறாரு எங்க அண்ணன்.

இதுல எனக்குத் தாங்கவே முடியாம போனது என்னன்னா, மூணு பேர்ல ஒருத்தர்கூட ஒரு வார்த்த கேக்கலம்மா. இதுக்கு முன்னாடி உடம்புக்கு என்ன வந்துச்சுன்னு. கண்ணு டாக்டருங்களுக்குக் கண்ணுக்குக் கீழ உடம்பே கிடையாது போல.

இவர் கேட்டாரு. இப்ப உள்ள இருக்காரே, சின்ன வயசு, சட்டைய இஸ்திரி போட்டே பாத்திருக்க மாட்டாரு, இவர்தான். மெஷின்ல தாடைய வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் லைட்ட அணைச்சுட்டு, என்னைப் பாத்து, என்னைத்தான் பாத்து, இதுக்கு முன்னாடி உங்களுக்குக் கட்டி, ஆபரேஷன், புற்றுநோய் அந்த மாதிரி ஏதாவது உண்டாம்மான்னு கேட்டாரு.

பதில் என் வலப்பக்கத்துலேருந்து வருது. காதுகிட்ட ஒரு சாதாரணக் கொழுப்புக் கட்டி டாக்டர், எடுத்தாச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. இடப்பக்கத்துலேருந்து எங்க அண்ணன், ஆமா ஆமா, வெறும் கொழுப்பு. நடுவுல நான், வாயைத் தொறந்தது தொறந்தபடி.

இருங்க, ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா நீங்க எங்க வீட்டுக்காரரத் தப்பா நெனச்சுக்குவீங்க. ரொம்ப நல்ல மனுஷன். எனக்கு வர்ற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லிடுவாரு, அது ஒண்ணுதான். ஒரு தடவ பல்லு டாக்டர் எந்தப் பல்லு வலிக்குதுன்னு கேட்டாரு. இவர் மேல் வரிசைன்னுட்டாரு. வலிச்சது கீழ. டாக்டர் மேல ஒண்ணொண்ணாத் தட்டறாரு, இவர் பக்கத்துல நின்னு, அது இல்ல, அதுக்கு அடுத்ததுங்கறாரு. நான் வாயைப் பொளந்துட்டு இருக்கேன், எப்படிப் பேசறது சொல்லுங்க?

கொழுப்பா? இல்லம்மா. கொழுப்புக் கட்டிக்கு யாராவது காதுலேருந்து கழுத்து வரைக்கும் கீறுவாங்களா? இதோ, முடிய ஒதுக்கினா தெரியும் பாருங்க. எச்சில் சுரக்கற சுரப்பி ஒண்ணு அங்க இருக்கு. அதுல வந்த புற்றுநோய். அதுலயும் ரொம்ப அபூர்வமான வகை, வர்றவங்களே கொஞ்சம் பேர்தான். மெதுவா நகரும், ஆனா மறக்காது. பல வருஷம் கழிச்சுக்கூட எங்கயாவது போய்த் தலையக் காட்டும். அந்தப் பழைய ஆபரேஷன்ல நரம்பக் கொஞ்சம் தொட்டுட்டாங்க, அதான் நான் சிரிச்சா ஒரு பக்கம் முதல்ல வரும், இன்னொரு பக்கம் யோசிச்சுட்டு வரும்.

என்கிட்ட யாரும் சொல்லல. கொழுப்புன்னே சொன்னாங்க. பீரோவுல துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த ரிப்போர்ட்ட நானேதான் எடுத்துப் படிச்சேன். ஆபரேஷனுக்கு அப்புறம் தெனமும் கூட்டிட்டுப் போய் மெஷினுக்கு அடியில படுக்க வச்சாங்களே, அது எதுக்குன்னா, தழும்பு தடிக்காம இருக்க லைட்டு வைக்கறாங்களாம். அந்தக் கட்டடத்து வாசல்ல கொட்டை எழுத்துல போர்டு தொங்குது, புற்றுநோய் கதிர்வீச்சுப் பிரிவுன்னு. நான் வர்றப்பல்லாம் எங்க வீட்டுக்காரர் ஓடிப் போய் அதுக்கு முன்னாடி நின்னுக்குவாரு. அவரோ ஒல்லி, போர்டு இந்த அகலம். இந்தப் பக்கம் புற்று தெரியுது, அந்தப் பக்கம் பிரிவு தெரியுது. நானும் அவர் தோளையே பாத்துட்டு உள்ள போவேன்.

சிரிங்க, சிரிக்கற விஷயந்தான். இன்னும் கேளுங்க. டிவியில படம் ஓடும், கதாநாயகி ஒரு தடவ இருமினாப் போதும், ரிமோட்டுக்கு மூணு கை பாயும். எங்க அண்ணி சமையலறையில நின்னு அழுவாங்க, போய்க் கேட்டா வெங்காயம்பாங்க. கையில இருக்கறது வெள்ளரிக்கா. எங்க பொண்ணு ஹாஸ்டல்லேருந்து பேசுவா, அம்மா, தழும்பு எப்படி இருக்கு, தழும்பு எப்படி இருக்குன்னு தழும்பையே விசாரிப்பா. அவளுக்கும் பாடம் சொல்லிக் குடுத்தாச்சு. வீடே நாடகக் கம்பெனி, பாக்கறதுக்கு டிக்கெட் வாங்கினவ நான் ஒருத்தி.

கேக்கறீங்க, சரிதான். தெரியும்னு சொல்லியிருக்கலாம்தான். சொல்லப் பாத்தேன்மா. ஒரு நாள் அவர் பாத்திரம் தேச்சுட்டு இருந்தாரு, அதுக்கு முன்னாடி அந்த வேலையத் தொட்டதே இல்ல. பின்னாடி போய் நின்னு, எனக்குத் தெரியுங்கன்னேன். திரும்பினாரு. கையில டம்ளர், அதுலேருந்து நுரை வழியுது. என்ன தெரியும்னு கேட்டாரு. அந்த முகத்த நீங்க பாத்திருக்கணும். கேஸ் இன்னைக்குத் தீந்துடும்னு தெரியுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சாயங்காலம் அண்ணன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் புடிச்சுப் புது சிலிண்டரத் தூக்கிட்டு வர்றாங்க. பழையது பாதிகூடத் தீரல.

அது மட்டும் இல்ல. அந்த மனுஷனுக்கு முன்னாடியெல்லாம் ஜோக் சொல்லவே வராது. என்னைச் சிரிக்க வைக்கணும்னு ஆபீஸ்ல யார்கிட்டயோ கேட்டு, பஸ்ஸுல வரும்போதே மனப்பாடம் பண்ணிட்டு வருவாரு. பாதியில மறந்துடுவாரு. முடிவ முதல்ல சொல்லிட்டு, இல்ல இல்ல, இருன்னு மறுபடி ஆரம்பிப்பாரு. அவருக்கு ஒரு வேலை கிடைச்ச மாதிரி இருந்துச்சு, என்கிட்டேருந்து மறைக்கறது. காலையில எந்திரிச்சா அதுக்காக எந்திரிப்பாரு. அதப் புடுங்கிட்டு நான் என்னத்தக் குடுப்பேன்?

ஆனா எரிச்சல் வராமலா இருக்கும்? வரும். இவ்ளோ வருஷமா வருது. என் உடம்பப் பத்தி என்னைத் தவிர எல்லாரும் பேசறாங்க. பக்கத்து ரூம்ல குசுகுசுன்னு பேசுவாங்க, நான் போனா கிரிக்கெட்டாம். எங்க அண்ணனுக்குக் கிரிக்கெட்டுல மட்டை எது பந்து எதுன்னு தெரியாது.

அன்னைக்கு இந்த டாக்டர் ரூம்லயும் அப்படித்தான். டாக்டர், அது கொழுப்பு இல்லன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. பக்கத்துல பாத்தேன். எங்க வீட்டுக்காரர் நிமிந்துதான் உக்காந்திருக்காரு, நாற்காலிக்கு அடியில காலு மட்டும் தடதடன்னு ஆடுது. ஆமா டாக்டர், கொழுப்புதான்னு நானும் சொல்லிட்டேன். டாக்டர் என் கழுத்தையே ஒரு நிமிஷம் பாத்தாரு. சரி, மருந்து மாத்தித் தர்றேன், விட்டுட்டு வாங்கன்னாரு. அவர் வேற என்ன பண்ணுவாரு? மூணு பேர் ஒரே குரல்ல கொழுப்புன்னா, கொழுப்புதான்.

வீட்டுக்கு வந்து துணி துவைச்சேன். துவைச்சு மடிச்சு வச்சத எடுத்து மறுபடி துவைச்சேன். அவர் வந்து, இது காலையிலேயே துவைச்சதாச்சேன்னாரு. தெரியும்னேன். அவ்ளோ கோபம். அவர் மேலயா, என் மேலயா, இந்த முத்து மேலயான்னு எனக்கே தெரியல.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். வீட்ல சொல்லல. நேரா இங்க வந்தேன், தனியா. அதோ, அந்தத் தூண் பக்கம் உக்காந்திருந்தேன். கூட யாரும் வரலையான்னு நர்ஸ் ரெண்டு தடவ கேட்டாங்க. எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க, நான் மட்டும்தான் வெட்டின்னேன். உள்ள போய் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சுரப்பி, அதோட வகை, லைட்டு வச்சது, எல்லாம். அவர் நாற்காலிய இழுத்து என் முன்னாடி போட்டுக்கிட்டாரு. ஏம்மா நேத்தே சொல்லலன்னு கோபமாத்தான் கேட்டாரு. அந்தக் கோபம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. என்கிட்ட நேரா யாராவது கோபப்பட்டு எத்தன காலமாச்சு.

அப்புறம் அவரோட பெரிய டாக்டரக் கூப்பிட்டாரு, அவர் இன்னொருத்தரக் கூப்பிட்டாரு, படிக்கற பசங்க பின்னாடியே வரிசையா நின்னாங்க. என் கல்யாண ஃபோட்டோவக்கூட யாரும் அவ்ளோ ஆசையா உத்துப் பாத்ததில்ல. எங்கயோ உள்ள இருக்கற நோய் கண்ணோட வெளித்தோல்ல வந்து உக்காரறது ரொம்ப அபூர்வமாம். பெரிய டாக்டரே படிச்சிருக்கேன், பாத்ததில்லன்னாரு. அபூர்வம், அபூர்வம்னு ஆளுக்கு ஒரு தடவ சொன்னாங்க. எனக்குன்னு வர்றது எதுவும் சாதாரணமா வராது போலன்னேன். ஒரு பையன் சிரிச்சுட்டான், பாவம், அவனை முறைச்சாங்க. அடுத்த தடவ நாங்க மூணு பேருமா வந்தப்ப, கண்ணு மரத்துப்போக மருந்து விட்டு, ஓரத்துல ஒரு துணுக்கு கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. டாக்டருக்கா ஒரு சந்தேகம் வந்து எடுத்தாருன்னு வீட்ல நெனச்சுட்டிருக்காங்க. நான் முன்னாடியே இங்க தனியா வந்தது அவங்களுக்குத் தெரியாது.

அந்த ரிசல்ட்டுதான். ஆமா, அதைக் கேக்கத்தான் ரெண்டு பேரும் உள்ள போயிருக்காங்க.

எனக்கா? பதட்டமெல்லாம் இல்லம்மா. நேத்தே ஃபேக்டரிக்கு ஃபோன் பண்ணிட்டாரு டாக்டர். அந்தப் பெல்ட்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கல, பாவம், அவர் அதை ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. காதுகிட்ட இருந்தது எதுவோ, கண்ணுல இருக்கறதும் அதுதான். இங்க வந்திருக்குன்னா வேற எங்கயும் தங்காம வந்திருக்காது, வெளிய தெரியற எடம் இது ஒண்ணு, அவ்ளோதான். நெஞ்சு ஸ்கேன் எடுக்கணும்னாரு. சரின்னேன். ஃபோன வச்சுட்டு வந்து மீதி பாட்டிலெல்லாம் பாத்து முடிச்சேன்.

ஐயோ, நீங்க ஏம்மா... வேண்டாம், கையை விடுங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். அவங்கள உள்ள கூப்பிடச் சொன்னதே நான்தான். மெதுவா சொல்லுங்க, எங்க வீட்டுக்காரர உக்கார வச்சுட்டுச் சொல்லுங்கன்னேன். சொல்லி முடிச்ச உடனே அவர் ஒண்ணு கேப்பாரு, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்னு. சரின்னு சொல்லிடுங்கன்னும் சொல்லி வச்சிருக்கேன். அது முறையில்லம்மான்னாரு டாக்டர். எல்லாத்தையும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க, என்ன வைத்தியம், எது வரைக்கும்கறதை நான் முடிவு பண்றேன், அந்த ஒண்ணை மட்டும் அவருக்கு விட்டுக் குடுங்கன்னேன்.

கதவு தொறக்குது. நீங்க அவர் முகத்தப் பாக்காதீங்க, ஃபோனப் பாருங்க. தயவுசெஞ்சு.

என்னங்க, என்ன சொன்னாரு? சும்மா சதை வளந்திருக்கா? அட, அவ்ளோதானா, இதுக்கா இவ்ளோ நேரம்? உங்களுக்கு ஏன் கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? ஏசியா? இருக்கும், இருக்கும். இங்க ஏசி கொஞ்சம் ஜாஸ்திதான்.